2 டன் என்பது எவ்வளவு? ஃபோர்க்லிஃப்ட்டின் நெம்புகோல் கணக்கு

ஃபோர்க்லிஃப்ட்டின் மேல் 2 டன் என்று எழுதியிருந்தால், 2 டன் எடையுள்ள எந்தப் பொருளையும் அது தூக்கிவிடும் என்று நம்பி வாங்குபவர்கள் உண்டு. ஆனால் அந்த எண் நிபந்தனைக்கு உட்பட்டது. 1 முதல் 5 டன் வரையிலான வண்டிகளில் அந்த நிபந்தனை பெரும்பாலும் இதுதான்: சுமையைத் தாங்கும் இரு இரும்புக் கரங்களான ஃபோர்க்கின் செங்குத்து முகப்பிலிருந்து சுமையின் எடை மையம் 500 மில்லிமீட்டர் தொலைவுக்குள் இருக்க வேண்டும்.

காரணம் எளிது. பின்முனையில் கல்லைக் கட்டிய கிணற்றுத் துலாவைப் போல, இந்த வண்டியும் ஒரு நெம்புகோல்தான். முன் அச்சு தாங்குபுள்ளி, முன்னால் சுமை, பின்னால் வார்ப்பிரும்பாலான எதிர் எடை. முன் அச்சுக்கும் ஃபோர்க்கின் முகப்புக்கும் 400 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொண்டால், 2,000 கிலோ சுமை அச்சிலிருந்து 900 மில்லிமீட்டர் தொலைவில் நிற்கிறது. அதே எடையை நீளமான பெட்டியில் அடைத்து, எடை மையம் 800 மில்லிமீட்டருக்குத் தள்ளிப்போனால், அச்சிலிருந்து உள்ள தொலைவு 1,200 ஆகிவிடும். அப்போது அதே வண்டியால் பாதுகாப்பாகத் தூக்க முடிவது 1,500 கிலோ மட்டுமே. எனவே வாங்கும் முன் எடையை மட்டுமல்ல, மிகப்பெரிய பெட்டியின் நீளத்தையும் அளந்துகொள்ள வேண்டும்.

முன்பக்கம் கவிழ்வதைவிடப் பக்கவாட்டில் கவிழ்வது கொடியது. நான்கு சக்கர வண்டியாக இருந்தாலும் பின் அச்சு நடுவில் ஒரே புள்ளியில் அசையும்படி பொருத்தப்படுவதால், வண்டி உண்மையில் ஒரு முக்கோணத்தின் மீது நிற்கிறது. சுமையை உயர்த்தினால் வண்டியும் சுமையும் சேர்ந்த எடை மையம் மேலேறும். அந்த நிலையில் வேகமாகத் திரும்பினால், அது முக்கோணத்தின் ஓரத்தைத் தாண்டிவிடும். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்திலேயே சுமையை வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்வது இதனால்தான்.

எந்த வகை வண்டி என்பதை, என் பார்வையில், கிடங்கின் நடைபாதை அகலமே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. எதிர் எடை வண்டி திரும்பி பேலட்டை (சரக்கை வைத்துத் தூக்கும் அடித்தட்டை) அடுக்க ஏறத்தாழ 3.5 முதல் 4 மீட்டர் வேண்டும். ரீச் டிரக் என்ற வகையில், ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் செங்குத்துத் தூணான மாஸ்ட் முன்னே நீண்டு பேலட்டை எடுத்து, பின்வாங்கிச் சக்கரங்களுக்கு இடையே கொண்டுவந்துவிடுவதால் பெரிய எதிர் எடை தேவையில்லை. வண்டி குட்டையாகிறது, 3 மீட்டருக்குள் வேலை முடிகிறது. ஆனால் அதன் சிறிய சக்கரங்களுக்குக் கரடுமுரடான முற்றம் ஒத்துவராது. 2 மீட்டருக்கும் குறைவான நடைபாதையில் ஓடும் வண்டிகளோ தரையின் மட்டத்தையே நம்பி நிற்கின்றன: 1.5 மீட்டர் இடைவெளியுள்ள இரு சக்கரங்களின் அடியில் 3 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தால், 9 மீட்டர் உயரத்தில் மாஸ்ட் 18 மில்லிமீட்டர் சாய்ந்திருக்கும். லாரியிலிருந்து இறக்கிய பேலட்டைத் தரையோடு நகர்த்துவது மட்டுமே வேலை என்றால், கையால் இழுக்கும் பேலட் டிரக் போதும்.

திறந்தவெளிக்கும் மேடுபள்ளத்துக்கும் காற்றடைத்த டயரும் டீசலும் பொருந்தும். மூடிய கிடங்குக்குள் டீசல் புகை தொழிலாளர்களின் நுரையீரலைத் தாக்கும் என்பதால், அங்கே மின்கல வண்டியே முறையானது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: ஈய அமில மின்கலத்தின் எடையும் எதிர் எடையின் பகுதியாகவே கணக்கிடப்பட்டிருக்கும். அதைக் கழற்றி, இலகுவான லித்தியம் மின்கலத்தை வெறுமனே பொருத்தினால் வண்டியின் தூக்கும் திறன் குறைந்துவிடும்; குறைந்த எடைக்கு ஈடாக இரும்புக் கட்டைகளைச் சேர்க்க வேண்டும். ஈய அமில மின்கலம் மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜனை வெளிவிடுவதால், அதற்குக் காற்றோட்டமான இடமும் ஒதுக்க வேண்டும்.

காகிதச் சுருளைப் பிடிக்கும் கிளாம்ப் போன்ற துணைக்கருவியைப் பொருத்தினாலும் கணக்கு மாறும். அதன் சொந்த எடை கூடுவதோடு, சுமையும் முன்னே தள்ளப்படுகிறது. ஆகவே ஓட்டுநர் முன்னால் உள்ள திறன் தகட்டில், அந்தக் கருவியோடு, எந்த உயரத்துக்கு எத்தனை கிலோ என்று புதிதாகப் பொறித்துத் தரும்படி விற்பவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.