கை ஓங்குவதற்கு முன்னால்

பிறந்து இரண்டு வாரம் ஆனதும் குழந்தையின் அழுகை கூட ஆரம்பிக்கும். ஆறு முதல் எட்டு வாரம் வாக்கில் உச்சத்தைத் தொடும். மூன்று, நான்கு மாதத்தில் தானாகவே அடங்கும். பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் இது அதிகம். பால் கொடுத்தாலும் நிற்காது, தோளில் போட்டு நடந்தாலும் நிற்காது. உடம்பில் ஒரு குறையும் இல்லாத குழந்தைகளும் இப்படித்தான் அழுகின்றன. இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். யாரோ பிடித்து உலுக்கியதால் மூளையில் காயம்பட்டு மருத்துவமனைக்கு வரும் கைக்குழந்தைகளை வயதுவாரியாக வரைந்தால், அழுகையின் வரைபடத்தில் இருப்பது போலவே ஒரு மேடு தெரிகிறது. சில வாரம் தள்ளி வருகிறது, அவ்வளவுதான்.

குழந்தையைத் துன்புறுத்துகிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வது நமக்கு வசதி. அப்படிப்பட்டவர்களும் உண்டு. பாலியல் கொடுமை நடக்கும் விதமும் வேறு, அதைத் தடுக்கும் வழியும் வேறு. அதற்குள் இங்கே போகவில்லை. ஆனால் அடி, உலுக்கல், கவனிக்காமல் விடுவது இவற்றின் பின்னால் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காண்பது வேறொரு படம்: தூக்கமில்லை, கையில் காசில்லை, பத்து நிமிடம் குழந்தையை மாற்றிப் பிடிக்க ஆளில்லை. அந்த நிலையில், ‘என்னைப் படுத்துவதற்கென்றே அழுகிறது’ என்று ஒருவருக்குத் தோன்றிவிடுகிறது. அமெரிக்காவில் அதிகாரிகள் உறுதிசெய்யும் வழக்குகளில் ஏறக்குறைய முக்கால் பங்குக் குழந்தைகள் புறக்கணிப்புக்கு ஆளானவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, அந்தக் கணத்துக்கு முன்பே உள்ளே நுழைய முடியுமா? நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு நகரில் 1970-களின் பிற்பகுதியில் டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் இதைத்தான் சோதித்தார். முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்த 400 பெண்களைச் சேர்த்தார். பலர் பதின்வயதினர், மணமாகாதவர்கள், வருமானம் குறைந்தவர்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரின் வீட்டுக்கு மட்டும் குழந்தைக்கு இரண்டு வயது முடியும்வரை செவிலியரை அனுப்பினார். கர்ப்ப காலத்தில் சராசரியாக 9 முறை, குழந்தை பிறந்த பிறகு 23 முறை.

செவிலியர் அங்கே போய்க் கண்காணித்துக் குறிப்பெடுக்கவில்லை. சிகரெட்டைக் குறைப்பது, குழந்தை பசிக்கு அழுவதையும் தூக்கத்துக்கு அழுவதையும் பிரித்தறிவது, விட்ட படிப்பைத் தொடர்வது, அடுத்த பிள்ளையை எப்போது பெறுவது, இதெல்லாம்தான் பேச்சு. குழந்தையின் பாட்டியையும் தோழியையும் அந்தப் பேச்சுக்குள் இழுத்து வருவதும் வேலையில் சேர்த்தி. 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்த முடிவு 1997-ல் வெளியானது. செவிலியர் போய்வந்த குடும்பங்களில் உறுதிசெய்யப்பட்ட துன்புறுத்தல், புறக்கணிப்புப் புகார்கள் 48 சதவீதம் குறைவு. அடுத்தடுத்த பிரசவங்களும் குறைந்திருந்தன, இடைவெளியும் கூடியிருந்தது.

இதில் நேரம் பார்த்துப் போனதுதான் கெட்டிக்காரத்தனம் என்று எனக்குப் படுகிறது. முதல் பிரசவத்துக்குக் காத்திருப்பவரிடம் கேள்விகள் ஏராளம் இருக்கும், அவர் இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த நேரத்தில் கதவைத் தட்டுபவர் உதவிக்கு வந்தவராகத் தெரிவார். புகார் வந்த பிறகு தட்டினால் அவரே போலீஸ் மாதிரி.

சிகாகோவில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1967 முதல் அங்கே ஏழைப் பகுதிகளில் ‘குழந்தை–பெற்றோர் மையங்கள்’ இயங்குகின்றன. அவற்றின் நோக்கம் சின்னக் குழந்தைகளின் பள்ளிக்கு முந்தைய படிப்புதான். வன்கொடுமைத் தடுப்புக்காகத் தொடங்கியவை அல்ல. ஆனால் பெற்றோருக்கென்று தனி அறை, தனி ஆசிரியர் உண்டு. பெற்றோர் வாரத்தில் அரை நாளாவது வந்து பங்கெடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. ஆர்தர் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 1,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. 17 வயதுக்குள் துன்புறுத்தலுக்கு ஆளானதாகப் பதிவானவர்கள் மையத்தில் படித்தவர்களில் 5 சதவீதம், மற்றவர்களில் 10.5 சதவீதம். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லை என்பதால் இந்த எண்ணைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. மாலையில் மகனை அழைத்துப் போக வந்த அப்பா, “நேத்தும் படுக்கையை நனைச்சிட்டான். வேணும்னே பண்றான்” என்கிறார். ஆசிரியை, “மூணு வயசுல ராத்திரி அடக்குற அளவுக்கு உடம்பு பழகியிருக்காது. இங்கேயே நிறைய பேர் அப்படித்தான்” என்று சொல்லி, பக்கத்தில் நிற்கும் இன்னொரு அம்மாவையும் பேச்சில் சேர்த்துவிடுகிறார். கழிப்பறைப் பழக்கத்தை வைத்துக் குழந்தைகள் அடி வாங்குவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். வாசலில் நடக்கும் இந்தப் பேச்சில் அந்த அப்பாவுக்கு வளர்ச்சி பற்றிய அறிவு கிடைக்கிறது, ஒரு துணையும் கிடைக்கிறது. அவருக்கு வேலை போய்விட்டது தெரிந்தால் எந்த உதவிக்கு எங்கே போகலாம் என்றும் ஆசிரியை சொல்வார். தினமும் பார்க்கிற முகம் என்பதால்தான் அவரிடம் சொல்ல வாய் வருகிறது.

எல்லா இடத்திலும் இது பலிப்பதில்லை. எல்மைராவிலேயே, தாய் அடிக்கடி துணைவரிடம் அடி வாங்கிய வீடுகளில் செவிலியரின் தாக்கம் காணாமல் போனது. இங்கிலாந்தில் இதே திட்டத்தைச் சோதித்து 2016-ல் வெளியிட்டபோது, குறுகிய காலத்தில் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. அங்கே எல்லாத் தாய்மாருக்கும் ஏற்கெனவே சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருகிறார் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பணமும் சும்மா இல்லை. குறைந்தபட்சக் கூலி ஒரு டாலர் கூடிய அமெரிக்க மாநிலங்களில் புறக்கணிப்புப் புகார்கள் சுமார் 10 சதவீதம் குறைந்ததாக 2017-ல் வந்த ஓர் ஆய்வு கணித்தது. பேசிப் புரியவைப்பதற்கு ஓர் எல்லை உண்டு.

அப்புறம் ஒரு சிக்கல். குழந்தையின் உடம்பில் சந்தேகமான காயத்தைப் பார்த்தால் அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் ஆசிரியர்களையும் செவிலியர்களையும் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. நண்பராகப் பழகியவரே புகார் கொடுப்பவராகவும் ஆகிவிடுகிறார். குழந்தையைச் சேர்க்கும் நாளிலேயே இதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. மறைத்து வைத்துப் பின்னால் தெரியவந்தால், அந்தக் குடும்பம் மட்டுமல்ல, அக்கம்பக்கத்தாரும் மையத்தின் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள்.