ஓட்ஸ் மாவில் செய்த கேக்கை சீனி வருத்தக்காரர் சாப்பிடலாமா?

"மிஸ், இப்ப நாங்க ஓட்ஸ அரைச்சுத்தான் கேக் அடிக்கிறோம். அப்பாவுக்கு சீனி இருக்கு, குடுக்கலாம்தானே?" நத்தார் நெருங்கும்போது ஹட்டன் பக்க கிளினிக்குகளில் போசணை ஆலோசனைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்வி இது. பிள்ளைகள் கொழும்பிலிருந்து ஓட்ஸ் பக்கற்றோடு வருகிறார்கள். வீட்டில் கோதுமை மாவைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்திருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் கேக் விஷயத்தில் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வெள்ளைக் கோதுமை மா 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. ஓட்ஸில் 10 கிராம் அளவு இருக்கிறது, புரதமும் கூடுதல். ஓட்ஸின் சிறப்பு பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார். அது குடலில் கொழகொழப்பாகி, சீனி இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. கொலஸ்ட்ரோலிலிருந்து உண்டாகும் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுவதால் கெட்ட கொலஸ்ட்ரோலும் இறங்குகிறது. கொலஸ்ட்ரோல் குறைய ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் தேவை. அதற்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட வேண்டும்.

இப்போது கேக்கைப் பார்ப்போம். நம் வீடுகளில் பட்டர் கேக் என்றால் மா 250 கிராம், சீனி 250 கிராம், பட்டர் 250 கிராம். அந்த மாவில் மூன்றில் ஒரு பங்கை ஓட்ஸாக மாற்றி, கேக்கை 16 துண்டாக வெட்டினால், ஒரு துண்டில் ஓட்ஸ் 5 கிராம்தான். பீட்டா குளுக்கன் 0.2 கிராம். அதே துண்டில் சீனி 16 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி. முழு மாவையும் ஓட்ஸாக்கினாலும் அந்த நான்கு தேக்கரண்டி அப்படியே இருக்கும். சக்தியும் குறையாது. ஓட்ஸில் கொழுப்பு கொஞ்சம் கூட என்பதால் கிராமுக்குக் கிராம் கலோரி கோதுமை மாவைவிடச் சற்று அதிகம். ஓட்ஸ் என்ற தைரியத்தில் இரண்டு துண்டு சாப்பிடுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அரைத்த ஓட்ஸ் உண்மையில் உதவுவது அன்றாட ரொட்டியில். மலைக்குப் போகுமுன் தோட்டத்து வீடுகளில் தட்டுகிற தேங்காய்ப்பூ ரொட்டிக்கு ஒருவருக்கு 150 கிராம் மா போகும் என்று வையுங்கள். அதில் 50 கிராமை ஓட்ஸாக்கினால் பீட்டா குளுக்கன் 2 கிராம் கிடைத்துவிடும். தினமும் சாப்பிடுவதில் செய்கிற மாற்றம், வருஷத்துக்கு ஒருமுறை அடிக்கும் கேக்கில் செய்வதைவிடப் பலமடங்கு பெரியது. ஓட்ஸ் கலந்த மா வெடித்துப் பிளந்துபோகும், உருட்டிப் பரத்த வராது. தண்ணீர் சேர்த்துப் பிசைந்து கால் மணித்தியாலம் மூடி வைத்துவிட்டு, கையால் தடிப்பாகத் தட்டுங்கள். கட்டச் சம்பலோடு நன்றாகவே இருக்கும்.

கேக் அடிக்கத்தான் போகிறோம் என்றால், தட்டையான பெரிய செதில் ஓட்ஸ் வாங்குங்கள். இன்ஸ்டன்ட் வகை வேகமாகச் செரித்து சீனியைச் சட்டென்று ஏற்றும். அரைத்தாலே அந்த வேகம் கூடத்தான் செய்கிறது, அதனால் மாவாக்கியதைக் கஞ்சிக்குச் சமமாக எண்ண வேண்டாம். கோப்பைக் கணக்கு சரிவராது: ஒரு கோப்பை கோதுமை மா 120 கிராம் என்றால் ஓட்ஸ் மா 100 கிராமுக்கும் குறைவு. தராசில் நிறுத்துப் போடுங்கள். கலவையைப் பத்து நிமிஷம் ஊறவிட்டுப் பிறகு ஓவனில் வையுங்கள்.

நம் மலையக ஊர்களின் உயரத்தையும் மறக்கக்கூடாது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடரின் வாயு கூடுதலாக விரிந்து கேக் மளமளவென்று எழும், வெந்து இறுகுமுன் நடுவில் இறங்கிவிடும். கோதுமை மாவைப் பிணைத்து வைக்கும் குளூட்டன் என்ற புரதம் ஓட்ஸில் இல்லாததால் தாங்கிப் பிடிக்கவும் ஆளில்லை. ஆகவே முழுவதையும் மாற்றாமல் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள், பேக்கிங் பவுடரில் தேக்கரண்டிக்குக் கால் பங்கு குறையுங்கள். சீனி அதிகமானால் கேக் இறுகத் தாமதமாகும். மலையில் சீனியைக் குறைத்தால் உடம்புக்கும் நல்லது, கேக்கும் இறங்காது.

அரைத்த ஓட்ஸை அதிக நாள் வைக்க வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும், பனியும் மழையுமாக இருக்கிற மாதங்களில் ஈரமும் இழுக்கும். தேவைக்கு அரைத்து, இறுக்கமான போத்தலில் போடுங்கள்.

ஓட்ஸ் இறக்குமதிப் பொருள், விலையும் அப்படித்தான். கட்டுப்படியாகாதவர்கள் மனம் சோரத் தேவையில்லை. குரக்கன் மா இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு, கல்சியம் ஓட்ஸைவிடப் பலமடங்கு. ஓட்ஸிலும் குரக்கனிலும் இயற்கையாக உள்ள பைட்டேற் என்ற பொருள் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், தேயிலைச் சாயமும் தடுக்கும். இரத்தச்சோகை உள்ள பெண்கள் ரொட்டியோடு சேர்த்து சாயம் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பது நல்லது.

சீனி மாத்திரை எடுப்பவர்கள் மாவை மாற்றியதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் இரத்தத்தில் சீனி பார்க்கும் கருவி (குளுக்கோமீற்றர்) இருந்தால், பழைய ரொட்டி சாப்பிட்ட ஒரு நாளும் ஓட்ஸ் கலந்த ரொட்டி சாப்பிட்ட ஒரு நாளும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில் குத்திப் பாருங்கள். இரண்டு இலக்கத்தையும் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொண்டுவந்தால், மாத்திரை அளவைப் பற்றி டொக்டரிடம் பேச அது உதவும்.