வேனில் அக்காவுக்கும் ஓர் இடம்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நல்ல மனதோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை குழந்தைங்க இருக்காங்க, சிஸ்டர்?" என்றுதான். எத்தனை குடும்பங்கள் என்று கேட்டால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கும்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோய் ஏ.எல்.எல். எனப்படும் ரத்தப் புற்றுநோய். அதற்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். அம்மா பாதி நாள் வார்டில். அப்பா லீவு போட்டுப் போட்டே வேலையைத் தொலைத்திருப்பார். வீட்டில் இருக்கிற இன்னொரு பிள்ளை பாட்டியிடம் வளரும்.

ஒருமுறை தன்னார்வலர்கள் மாமல்லபுரத்துக்கு ஒருநாள் பயணம் ஏற்பாடு செய்தார்கள். வேன் கிளம்பும் நேரம், ஆறாவது படிக்கும் ஒரு பெண் படியருகே நின்றாள். தம்பி உள்ளே உட்கார்ந்துவிட்டான். "எனக்கு வியாதி ஒண்ணும் இல்ல. நானும் ஏறலாமா?" என்றாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை. கல்லூரி மாணவர் ஒருவர் தன் சட்டையில் இருந்த பெயர் அட்டையைக் கழற்றி, பின்பக்கத்தில் அவள் பெயரை எழுதிக் குத்திவிட்டார்.

கடற்கரையிலும் அவள் விளையாடப் போகவில்லை. தம்பியின் செருப்பு, தண்ணீர் பாட்டில், மாத்திரைப் பை எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழக்கம் அப்படி. "பையை நான் பாத்துக்கறேம்மா" என்று ஒரு தன்னார்வலர் மூன்று தடவை சொன்ன பிறகுதான் எழுந்தாள். அவர்கள் அம்மா நிழலில் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனார். யாரும் எழுப்பவில்லை. அன்று நடந்ததிலேயே பெரிய விஷயம் அந்தத் தூக்கம் என்பேன்.

நடிகர் பால் நியூமன் 1988இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் கடும் நோயுள்ள குழந்தைகளுக்காக ஒரு முகாம் தொடங்கினார். குடும்பங்களிடம் பணம் வாங்குவதில்லை. மருத்துவ வசதி முகாமுக்குள்ளேயே உண்டு. உடன்பிறந்த பிள்ளைகளுக்கென்று தனி முகாம்களும் நடக்கின்றன. நமக்கு அவ்வளவு பெரிய இடம் வேண்டாம். வேனில் இரண்டு சீட் கூடுதலாக இருந்தால் போதும்.

மருத்துவ விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. யார் வரலாம் என்ற பட்டியலை வார்டு தரட்டும். இரண்டு மூன்று நாள் முன்பு ரத்தப் பரிசோதனை பார்த்து, கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் 500க்குக் கீழே இருந்தால் அந்தக் குழந்தை இந்தமுறை வர முடியாது என்று சொல்லும் வேலை எங்களுடையது. கையில் பிக் லைன் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் வைத்திருக்கும் மெல்லிய குழாய்) உள்ள பிள்ளையைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். டாக்டரிடம் கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், காய்ச்சலை அது மறைத்துவிடும். எந்த வண்டி, யார் ஓட்டுவார், எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் முதல்நாளே முடிவாகியிருக்க வேண்டும்.

இன்னொன்று, அம்மை. ஒரு விழாவுக்கு வந்த தன்னார்வலர் வீட்டுப் பையனுக்கு மறுநாள் சின்னம்மைக் கொப்புளம் போட்டது. வந்திருந்த ஒவ்வொரு குடும்பத்தையும் போனில் பிடித்தோம். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு அம்மைக் கிருமியை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியை முடிந்தவரை சீக்கிரம், பத்து நாளுக்குள் போட்டாக வேண்டும். அந்தத் தன்னார்வலர் மறைக்காமல் அன்றே சொன்னதால் எங்களுக்கு நேரம் கிடைத்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது சளி, காய்ச்சல், அம்மை என்றால் அன்று வராதீர்கள். நாங்கள் தவறாக நினைக்க மாட்டோம்.

புகைப்படம் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டீராய்டால் முகம் ஊதி, முடி கொட்டியிருக்கும் பெரிய பிள்ளைகள் கேமராவைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய்விடுகிறார்கள்.

அடுத்த பயணத்துக்கான படிவத்தை இந்த வாரம் மாற்றியிருக்கிறோம். குழந்தையின் பெயர் என்று இருந்த இடத்தில் இப்போது 'வீட்டில் யார் யார்' என்று இருக்கிறது.