முயல் வாங்கும் முன் அப்பாருவைக் கேளுங்கள்

காங்கயம் பக்கம் மாட்டு டாக்டர் என்றால் மாடும் ஆடும்தான் வேலை. சில வருடங்களாக அட்டைப்பெட்டியில் முயலும் வருகிறது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பிள்ளை முன்னால் வரும். முகத்தைச் சுளித்தபடி வீட்டுப் பெரியவர் ஒருவர் பின்னால் வருவார். பின்னால் வரும் அந்த ஆளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முயல் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், "வீட்ல அப்பாரு, ஆத்தாவைக் கேட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்பேன். எங்கள் பக்கம் தாத்தாவையும் பாட்டியையும் அப்படித்தான் சொல்வோம். சிரிப்பார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வீட்டு முயல் 8 முதல் 12 வருடம் இருக்கும். ஆறாம் வகுப்பில் அடம்பிடித்து வாங்கிய பிள்ளை, பதினொன்றாம் வகுப்புக்கு நாமக்கல் பக்கம் ஹாஸ்டலுக்குப் போய்விடும். முயலுக்கு அப்போது வயது ஐந்து. மீதிக் காலத்துக்கு அதற்குப் புல் போடுவது யார்?

பெரியவர்கள் வேண்டாம் என்றால் அதில் ஏதாவது விஷயம் இருக்கும். "முயல் இருந்தா பாம்பு வருமுங்க" என்பார்கள். பாதி உண்மை. சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். குட்டி முயலையும் பாம்பு விழுங்கும். கூண்டை இடுப்பு உயரத்தில் வைத்து, சின்னக் கண்ணி வலைக்கம்பி அடித்து, ராத்திரி தீவனத் தட்டை எடுத்துவிட்டால் போதும். நாற்றம் என்பார்கள். புழுக்கை நாறாது, மூத்திரம்தான் நாறும். பெரும்பாலான முயல்கள் ஒரே மூலையில்தான் பெய்யும். அங்கே ஒரு தட்டில் காகிதம் விரித்துத் தினமும் மாற்றுங்கள். ஒரு வீட்டில் ஆத்தா மனம் மாறியதே அந்தப் புழுக்கையால்தான். ஆட்டுப் புழுக்கையின் அருமை தெரிந்தவர். இதையும் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கூண்டைக் கூட்டுவதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதே ஆத்தா ஒருநாள் விடியற்காலையில் போன் செய்தார். "ஏனுங் டாக்டர், தன் புழுக்கையைத் தானே தின்னுதுங்க. கருமம்." முயல் இரண்டு விதமாகப் போடும். ஒன்று, நாம் கூட்டித் தள்ளும் காய்ந்த உருண்டை. இன்னொன்று திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று இருக்கும். குடலில் நுண்ணுயிர்கள் பதப்படுத்திய சத்து அதில் இருப்பதால், வெளியே வரும்போதே வாய் வைத்துத் தின்றுவிடும். நான் சொல்லி முடிப்பதற்குள், "அப்ப மாடு அசை போடற மாதிரின்னு சொல்லுங்க" என்றார். கல்லூரியில் எனக்கு அரைமணி நேரம் பிடித்த பாடம் அது.

இப்போது ஒரு அப்பாருவின் கதை. பேத்தியின் முயல் நாலு நாளாகச் சரியாகத் தின்னவில்லை என்று வேண்டாவெறுப்பாகக் கொண்டுவந்தார். வாயைத் திறந்தால் பல் வளைந்து கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தது. கேரட், பிஸ்கட், மிக்சர் என்று ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். முயலுக்குப் பல் ஆயுசு முழுக்க வளரும், தேய்வதற்குப் புல் வேண்டும், தீனியில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாகவே இருக்கட்டும் என்றேன். "புல்லுக்கா பஞ்சம்? மேய்ச்சலுக்கு விட்ட கொரங்காட்டுல கொழுக்கட்டைப்புல்லு முழங்கால் மட்டும் நிக்குது. காட்டு முயல் அதைத்தானுங்க திங்குது" என்றார். (காட்டு முயல் குட்டி கிடைத்தால் எடுத்து வரவேண்டாம். அது வேறு இனம், 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.) மறுநாளிலிருந்து புல் அறுப்பது அவர் பொறுப்பு. நான் கேட்டு வாங்கியதல்ல, அவராக எடுத்துக்கொண்டது.

நாலு மாதம் கழித்து, காலை ஆறரை மணிக்கு மொபெட்டில் வந்து நின்றார். "ராத்திரி ஒரு புழுக்கைகூடப் போடலைங்க." முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் நின்றுவிட்டால் சீக்கிரமே உயிருக்கு ஆபத்து. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தினமும் கூட்டுகிற ஆள் என்பதால் அவர் கண்ணில் பட்டது. பிழைத்துக்கொண்டது.

மனம் மாறிய வீடு திரும்பவும் வெறுத்துப்போவதையும் பார்த்திருக்கிறேன். "ரெண்டும் பொட்டைங்க" என்று சொல்லித் தேர்க்கடையில் விற்ற ஜோடி ஐந்தாம் மாதம் ஆறு குட்டி போட்டது. சினைக்காலம் ஒரு மாதம்தான், ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். வாங்கியதும் கொண்டுவந்து ஆணா பெண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை. இன்னொரு வீட்டில் நல்லது செய்வதாக நினைத்து, நாய்க்கு உண்ணிக்கு விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை முயல் முதுகில் விட்டார் அப்பா. முயலுக்கு அது விஷம். மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் முயல் பேச்சையே எடுப்பதில்லை.

சில வீடுகளில் வேண்டாம் என்பதே சரியான பதில். புல் தூசியும் முடியும் பட்டால் மூச்சு இழுக்கும் அம்மாவை, பழகிக்கொள் என்று சொல்வது அநியாயம். சித்திரை வெயிலில் தகரக் கொட்டாயைத் தவிர வேறு இடமில்லை என்றாலும் அப்படித்தான். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை விடும். ஈரத்துணியால் காதைத் துடைத்துவிடலாம், அதற்காகத் தொட்டியில் முக்கக் கூடாது.

போன ஞாயிறு அப்பாரு பல் காட்ட வந்திருந்தார். பேத்தி இப்போது ஹாஸ்டலில். முயல் மேசை மேல் இருக்கும்போதே போன் வந்தது. ஸ்பீக்கரில் முதல் கேள்வியே முயலைப் பற்றித்தான்.

"அது நல்லாத் தின்னுது. நீ தின்னயா கண்ணு?"