கிரைசல்: சுழல்நீர்த் தொட்டி

கிரைசல் என்றால் ஜெர்மன் மொழியில் பம்பரம். வட்டத்தைக் குறிக்கும் ‘கிரைஸ்’ என்ற சொல்லோடு உறவுள்ளது. சாலைச் சந்திப்பில் இருக்கும் ரவுண்டானாவையும் அங்கே பேச்சுவழக்கில் கிரைசல் என்பார்கள். கடல் உயிரினங்களை வளர்ப்பவர்களிடையே இதற்கு வேறொரு பொருள்: ஜெல்லி மீன் வளர்க்கும் தொட்டி. 1968-இல் வுல்ஃப் கிரேவ என்ற ஜெர்மானியக் கடல் உயிரியலாளர், நீரோட்டத்தில் மிதந்து திரியும் சிறு விலங்குகளை வளர்க்கத் தாம் வடிவமைத்த தொட்டிக்குப் ‘பிளாங்க்டன் கிரைசல்’ என்று பெயர் வைத்தார். அதுவே பின்னால் பெரிய கடல் காட்சியகங்களுக்கும், அங்கிருந்து வீட்டு மேசைகளுக்கும் வந்தது. வேலூரிலும் இப்போது ஆர்வமுள்ளவர்கள் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். கடைக்காரர் எடுத்துக் காட்டுவதோ பெரும்பாலும் உருண்டையான கண்ணாடிக் குடுவை. ‘வட்டத் தொட்டி’ என்று கேட்டால் அதுதான் கிடைக்கும். ஜெல்லி மீன் அதில் பிழைக்காது. இந்தச் சொல்லுக்குச் சரியான தமிழ் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

முதலில் உள்ளே வாழும் உயிரின் பெயர். ஜெல்லி மீன் என்பது ஆங்கிலத்திலிருந்து வந்தது. அது மீன் அல்ல. முள் இல்லை, மூளை இல்லை, இதயமும் இல்லை. உடலில் 95 விழுக்காடு அளவுக்குத் தண்ணீர். தமிழில் இதற்குச் சொறிமுட்டை என்ற நல்ல பெயர் இருக்கிறது. இழுதுமீன் என்றும் எழுதுகிறார்கள். இழுது என்பது நெய்யையும் வெண்ணெயையும் குறிக்கும் சங்ககாலச் சொல். வழவழப்பை நன்றாகவே காட்டுகிறது. ஆனாலும் மீன் என்ற பிழை அதில் ஒட்டிக்கொண்டிருப்பதால் என் வாக்கு சொறிமுட்டைக்கே. பட்டால் அரிக்கும் என்ற எச்சரிக்கையும் பெயரிலேயே இருக்கிறது. இந்த உயிரினத் தொகுதிக்கு அறிவியலார் வைத்த பெயர் நிடேரியா. அதன் வேர் ‘நிடே’ என்ற கிரேக்கச் சொல். தொட்டால் அரிக்கும் செடி என்று பொருள். நம் ஊர்க் காடுகளில் அப்படிப்பட்ட செடிக்குப் பெயர் காஞ்சொறி. கிரேக்கரும் தமிழரும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே வழியில் யோசித்திருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

‘தொட்டி’ என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. அக்வேரியம் என்ற லத்தீன் சொல்லுக்கு ஆதியில் மாடுகள் தண்ணீர் குடிக்கும் இடம் என்றே பொருள். மீன் வளர்க்கும் கண்ணாடிப் பேழைக்கு அந்தப் பெயரைப் பரப்பியவர் ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர், ஆண்டு 1854. செவ்வாய்க்கிழமை வேலூர் அருகே பொய்கைச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவருக்கும் தொட்டி என்றவுடன் தோன்றுவது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிதான். நீர்வாழ் உயிரினக் காட்சிப் பேழை என்றெல்லாம் நீட்ட வேண்டியதில்லை. தொட்டி போதும்.

இனி கிரைசல். பம்பரத் தொட்டி என்று பெயர்த்தால் தொட்டியே சுழல்வதாக ஆகிவிடும். சுழல் தொட்டி என்பதிலும் அதே சிக்கல்: சுழல் நாற்காலி என்றால் நாற்காலி சுழலும், சுழல் விளக்கு என்றால் விளக்கு சுழலும். இங்கே தொட்டி அசையாமல் நிற்கிறது, உள்ளிருக்கும் நீர்தான் சுழல்கிறது. சுழித்தொட்டி என்றும் சொல்லலாமே என்று கேட்கலாம். ஆற்றுச் சுழி எதையும் நடுவுக்கு இழுத்து அடியில் அமுக்கும். இந்தத் தொட்டியின் வேலை அதற்கு நேர் எதிரானது: எதையும் அடியில் படியவிடாமல் ஏந்திக்கொண்டே இருப்பது. ஆகவே சுழல்நீர்த் தொட்டி. நீளம் சற்று அதிகம்தான். ஆனால் எது சுழல்கிறது என்பதில் குழப்பமே இல்லை.

எப்படிச் சுழல்கிறது என்பதைப் பார்த்தால்தான் கண்ணாடிக் குடுவை ஏன் உதவாது என்பது புரியும். கோட்டை மைதானப் பொருட்காட்சியில் இரண்டு ராட்டினங்கள் நிற்கும்: ஒன்று குடைபோல் தரைக்கு இணையாகச் சுற்றும், இன்னொன்று ஆளை மேலே தூக்கிக் கீழே இறக்கும். சுழல்நீர்த் தொட்டியில் நீர் சுற்றுவது இரண்டாவது வகையில். எதிரே நின்று பார்த்தால் தொட்டி வட்டமாகத் தெரியும். பக்கவாட்டில் ஒடுக்கமாக இருக்கும். துளையிட்ட ஒரு குழாயிலிருந்து நீர் சுவரை ஒட்டி மெல்லிய தகடாகப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல், நீர் வெளியேறும் வலைத்திரையின் மேலாகவே போவதால் சொறிமுட்டை திரையில் ஒட்டுவதில்லை. மூலை என்று ஒன்று கிடையாது. மோட்டார் பின்புறம் தனி அறையில் இருக்கும். சொறிமுட்டை நீந்தத் தெரிந்ததுதான், ஆனால் நீரோட்டத்தை எதிர்க்கும் வலிமை அதற்கில்லை. ஓட்டம் நின்றால் அடியில் சரிந்து கிடக்கும். ஓட்டம் வேகமானால் புரண்டு புரண்டு அதன் குடைபோன்ற உடலின் விளிம்பு மடிந்துபோகும். நிதானமாக வட்டமிட்டுவரும் வேகமே சரி.

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் இரையூட்டும் நேரத்தில் போய் நின்றேன். வளர்ப்பவை நிலாச் சொறிமுட்டைகள், அறிவியல் பெயர் ஆரேலியா. பார்த்தால் உடல் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. குடையின் நடுவில் லாடம் போன்ற நான்கு வளைவுகள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. அவை அதன் இனப்பெருக்க உறுப்புகள். முந்தைய நாள் பொரிக்கப் போட்டிருந்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால்களின் குஞ்சுகளைக் குழலால் மெதுவாக விட்டார்கள். செம்மஞ்சள் தூசுபோல் அவை நீரில் பரவின. சற்று நேரத்தில் ஒவ்வொரு குடைக்குள்ளும் வயிறு இருக்கும் இடம் செம்மஞ்சளாக நிறைந்துகொண்டே வந்தது. தின்றது எவ்வளவு என்பதை வெளியிலிருந்தே அளக்க முடிகிற உயிர் இது. பட்டினி போட்டால் உடனே செத்துவிழாது, சுருங்கும். குடை நாளுக்கு நாள் சிறுத்தால் இரை போதவில்லை என்று பொருள்.

வேலூரில் வளர்க்க நினைப்பவர் முதலில் எண்ண வேண்டியது வெயிலைத்தான். கோடையில் இங்கே 40 டிகிரி தாண்டுகிறது. நிலாச் சொறிமுட்டைக்கு 24 டிகிரிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் சித்திரை, வைகாசியைக் கடக்க முடியாது. மின்சாரம் போனால் சுழற்சி நின்றுவிடும் என்பதால் மோட்டாரை இன்வெர்ட்டரில் சேர்ப்பதும் அதே அளவுக்கு அவசியம். ஆழ்துளைக் கிணற்று நீரை நம்ப வேண்டாம். ஆர்.ஓ. நீரில் மீன் வளர்ப்புக்கான கடல் உப்புக் கலவையை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கரைத்து, ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.023 முதல் 1.025 வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். சமையல் உப்பு ஆகாது. தொட்டியில் நன்மை செய்யும் பாக்டீரியா குடியேறி அம்மோனியாவைச் சிதைக்கத் தொடங்குவதற்கு 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். அதற்கு முன்னால் உயிரை வாங்கிவரக் கூடாது.

மீன் தொட்டிப் பழக்கத்தில் பலர் குமிழி விடும் காற்றுக் கல்லைப் போட்டுவிடுகிறார்கள். குமிழி குடைக்கடியில் சிக்கினால் திசுவைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். இடம் மாற்றும்போதும் வலையால் தூக்காமல், நீருக்குள்ளேயே கிண்ணத்தை அமிழ்த்தி நீரோடு சேர்த்து மொள்ள வேண்டும்.

கடையில் கேட்கும்போது ‘சுழல்நீர்த் தொட்டி’ என்று சொல்லுங்கள். புரியவில்லை என்றால் கிரைசல் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் காட்டும் தொட்டியில் நீரை நிரப்பி, ஒரு சிட்டிகை மீன் இரையை நனைத்துப் போட்டு, மோட்டாரை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். துகள்கள் அடியில் தங்காமலும் திரையில் ஒட்டாமலும் மேலேறி இறங்கி வந்தால் வாங்கலாம்.