பெருக்கும் முன் பார்க்க வேண்டிய ஒரு சொல்

"இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பொதுவாக எதுவுமே இல்லையே, அப்படியானால் அவை சார்பிலா நிகழ்ச்சிகள்தானே?" என்ற கேள்வியை, மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் நான் ஆண்டுதோறும் மாணவர்களிடமிருந்து கேட்கிறேன். ஒன்று நடந்தது என்று தெரிந்தாலும் மற்றதன் நிகழ்தகவு மாறாவிட்டால், அவை சார்பிலா நிகழ்ச்சிகள். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து நடப்பதன் நிகழ்தகவு, அவற்றின் நிகழ்தகவுகளைப் பெருக்கினால் கிடைக்கும். பொது உறுப்பே இல்லாத வெட்டாக் கணங்களைத் தனித்தனி வட்டங்களாக வரைந்து பழகிய கண்ணுக்கு, விலகி நிற்பவை தொடர்பற்றவையாகத் தோன்றுவது இயல்பே, உண்மையோ நேர்மாறானது.

ஒரு பகடையை உருட்டினால், 1 முதல் 6 வரையிலான எண்களின் கணமே கூறுவெளி, அதாவது நேரக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பு. நிகழ்ச்சி என்பது அதன் உட்கணம். இரட்டை எண் விழுவதும் ஒற்றை எண் விழுவதும் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள், ஏனெனில் அவற்றின் வெட்டு, அதாவது இரண்டுக்கும் பொதுவான பகுதி, வெற்றுக் கணம். விழுந்தது இரட்டை எண் என்று தெரிந்த நொடியிலேயே ஒற்றை எண்ணுக்கான நிகழ்தகவு 1/2-இலிருந்து பூச்சியமாகிவிடுகிறது என்றால், இதைவிட நெருக்கமான சார்பு வேறு என்ன இருக்க முடியும்? இனி, இரட்டை எண் விழுவதையும் 3-ஐவிடச் சிறிய எண் விழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றின் வெட்டில் 2 மட்டும் இருக்கிறது. அதன் நிகழ்தகவான 1/6, 1/2-ஐயும் 1/3-ஐயும் பெருக்கினால் கிடைப்பதுதான். ஆகவே இவை வெட்டிக்கொண்டும் சார்பிலாதவை.

'சார்பிலா' என்ற இந்தச் சொல்லைக் கவனிக்காமல் பெருக்கியதன் விளைவை இங்கிலாந்தில் ஒரு தாய் அனுபவித்தார். சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் கைக்குழந்தைகள் இருவர் 1996-இலும் 1998-இலும் இறந்தனர். கொலை செய்ததாக 1999-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவருடையதைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543-இல் 1 என்று கொண்டு, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, இருவரும் அவ்வாறு இறப்பது ஏறக்குறைய 7.3 கோடியில் 1 என்று மருத்துவ நிபுணர் ஒருவர் அவ்வழக்கில் சாட்சியம் அளித்திருந்தார். ஒரே பெற்றோருக்குப் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்த குழந்தைகளின் இறப்புகளைச் சார்பிலாதவை என்று கொள்ள என்ன ஆதாரம் இருந்தது? அந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று பிரிட்டனின் ராயல் புள்ளியியல் கழகம் 2001-இல் வெளிப்படையாக அறிவித்தது. மறைக்கப்பட்டிருந்த மருத்துவப் பரிசோதனை முடிவுகள் பின்னர் வெளிவந்து, 2003-இல் அவர் விடுதலையானார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தக் கணக்கைக் குறைகூறியது.

அதனால்தான் என் வகுப்பில் இரண்டு நிகழ்தகவுகளைப் பெருக்கும் மாணவர், சார்பின்மை கணக்கிலேயே கொடுக்கப்பட்டதா, தாமாக எடுத்துக்கொண்டதா என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும். எழுதாவிட்டால், விடை சரியாக இருந்தாலும் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறேன்.