சுட்ட இடம் எந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது?

பழைய ஆர்கேட் கேம்கள் வைத்திருக்கும் கூடத்துக்குப் பிள்ளைகளோடு போய்வந்த ஒரு வாசகர் கேட்கிறார்: “என் மகள் திரையில் பறந்த வாத்தைச் சுட்டாள், விழுந்தது. துப்பாக்கியிலிருந்து ஒன்றும் வெளியே வரவில்லையே, வாத்து எப்படி விழுந்தது?”

நியாயமான கேள்வி. துப்பாக்கியிலிருந்து ஒன்றும் போவதில்லை. திரையின் வெளிச்சம்தான் துப்பாக்கிக்குள் வருகிறது. குழலுக்குள்ளே ஒரு சின்ன லென்ஸ், அதன் பின்னால் ஒளியை உணரும் ஒரு போட்டோடையோடு. அவ்வளவுதான் சரக்கு.

முதலில் இது தலைகீழாக இருந்தது. 1936இல் சீபர்க் நிறுவனம் கொண்டுவந்த ரே-ஓ-லைட் எந்திரத்தில் துப்பாக்கிதான் ஒளியை வீசும்; பொம்மை வாத்தில் இருந்த உணரி அதைப் பிடிக்கும். வீடியோ திரை வந்ததும் வாத்து வெறும் படமாகிவிட்டது. படத்தில் எங்கே உணரியைப் பொருத்துவது? அது துப்பாக்கிக்கு இடம் மாறியது.

1984இல் வந்த நிண்டெண்டோவின் டக் ஹன்ட்டில் விசையை அழுத்தினால் திரை ஒரு பிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்று, முழுக்கக் கறுத்துவிடும். நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம். அடுத்த பிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று துப்பாக்கி கண்டால் குறி தப்பவில்லை. இரண்டு வாத்துகள் என்றால் கட்டங்கள் அடுத்தடுத்த பிரேம்களில் வரும். கறுப்பு பிரேம் எதற்கு? எரிகிற பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்றப் பார்க்கும் கெட்டிக்காரர்களுக்காக!

சரி, வேறு பல ஆர்கேட் எந்திரங்களில் இருந்த இன்னொரு முறைக்கு வருவோம். எனக்கு இதன்மேல்தான் தனிப் பிரியம். பழைய டிவிகளில் இருக்கும் பிக்சர் டியூபில் முழுப் படம் என்று ஒன்று எந்தக் கணத்திலும் கிடையாது. ஒரே ஒரு எலக்ட்ரான் கற்றை, நாம் பக்கம் படிப்பதுபோல, இடமிருந்து வலமாக வரி வரியாகக் கீழே இறங்குகிறது. அது பட்ட புள்ளியில், திரையின் உட்புறம் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் பளிச்சென்று மின்னி உடனே மங்கத் தொடங்கும். ஒரு வரிக்குச் சுமார் 63.5 மைக்ரோநொடி, ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 262 வரிகள். நம் கண் மெதுவானது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாகக் காண்கிறது. போட்டோடையோடு அப்படி ஏமாறாது. தான் பார்க்கும் புள்ளியைக் கற்றை கடக்கும் அதே கணத்தில் ஒரு மின்துடிப்பைத் தருகிறது.

இப்போது கணக்கு. பிரேம் தொடங்கி 8,040 மைக்ரோநொடியில் துடிப்பு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 63.5ஆல் வகுத்தால் 126 வரிகள் முடிந்து 127ஆவது வரி ஓடுகிறது; மிச்சம் 39 மைக்ரோநொடி, அதாவது வரியின் ஏறத்தாழ நடுப்பகுதி. குறுக்கும் நெடுக்கும் இரண்டு அளவுகளையும் ஒரே ஒரு கடிகாரம் தந்துவிட்டது! குறி இருண்ட பகுதியில் இருந்தாலும் துடிப்பு வர வேண்டுமே, அதற்காகத்தான் இத்தகைய கேம்களில் சுடும்போது திரை ஒருமுறை வெளுக்கிறது.

எல்சிடி திரையில் இந்த வித்தை பலிக்காது. அங்கே பின்விளக்கு திரை முழுதும் எரிந்துகொண்டே இருக்கிறது, ஓடும் புள்ளி இல்லை. படம் தாமதமாக வேறு வரும். அதனால்தான் இந்தக் கூடங்களை நடத்துபவர்கள் பழைய டியூப்களைத் தேடி அலைகிறார்கள்.

1897இல் ஜெர்மன் இயற்பியலாளர் பிரவுன் இந்தப் பிக்சர் டியூபின் முன்னோடியைச் செய்தது மின் அலைவுகளைக் கண்ணால் பார்க்க. டிவியோ வாத்தோ அவர் திட்டத்தில் இல்லை. ஆய்வுக்குப் பணம் கேட்டு வருபவரிடம் எடுத்த எடுப்பிலேயே “இதனால் என்ன லாபம்?” என்று கேட்கும் குழுக்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அடுத்த முறை போகும்போது போனில் ஸ்லோமோஷன் வைத்துத் திரையைப் படமெடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நொடிக்கு 240 பிரேம் என்றால் ஒவ்வொன்றிலும் திரையின் கால்பகுதி மட்டுமே பளிச்சென்று இருக்கும், அந்தப் பட்டை கீழே நகர்ந்துகொண்டே போகும். பட்டை தெரியாவிட்டால் டியூபுக்குப் பதில் புதுத் திரை மாட்டியிருக்கலாம். அப்படியானால் திரையைச் சுற்றி அகச்சிவப்பு எல்ஈடிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். புதிய துப்பாக்கிகள் பல, உள்ளிருக்கும் கேமராவால் அவற்றைப் பார்த்தே குறியை அறிகின்றன.